ஓராளுக்கு ஆறு

முப்பதாம் திகதி பின்னேரம் கிருஷாந்தன் வருவான்
கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு.
"அண்ணை, இன்னும் நாப்பது பெட்டி.
நாப்பது எடுத்தியளெண்டால் நான் தப்பீடுவன்."
போன மாதத்து நாற்பதின் மேல்
பூனை குட்டி போட்டிருக்கிறது. காட்டினேன்.
"அதுகளும் எங்கட ஏஜென்ற்தானே" என்றான்.
சிரித்துவிட்டேன்.
சிரிக்கிறவன் கையில்
காசோலைப் புத்தகம் எப்படியோ வந்துவிடுகிறது.

கஸ்தூரியார் வீதியில் பத்தொன்பது வருசம்
வெண்முகில் சலவைத்தூளுக்கு நான்தான்.
பாதை பூட்டிய நாளில்
கப்பலில் வந்து ஈரத்தில் கட்டிபட்ட தூளை
உலக்கையால் இடித்துச் சுண்டுச் சுண்டாய் விற்றவன்.
அப்போது அந்தக் கம்பனிக்கு
யாழ்ப்பாணம் என்பது ஒரு தொலைபேசி இலக்கம்.
என்னுடைய இலக்கம்.

ஒப்பந்தம், ஏழாம் பந்தி:
'இப்பிரதேசத்தின் ஏக விநியோகஸ்தர்.'
ஏக என்பதற்கு
அவர்களுடைய அகராதியில்
ஒன்றுக்கு மேலும் கருத்து இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வீதியில்
கதவைத் திறந்தாலே குளிர் முகத்தில் அடிக்கும் கடைக்கு
தூள் கொழும்பிலிருந்து நேரே இறங்குகிறது.
கம்பனி எனக்குப் போடுவது நூற்றெட்டு.
நான் சின்னக் கடைக்குப் போடுவது நூற்றுப் பன்னிரண்டு.
அங்கே மஞ்சள் மட்டையில் சிவப்பாய்
தொண்ணூற்றொன்பது.

பதிவுத் தபாலில் எழுதினேன்.
'தங்களுடனான நீண்டகால உறவைப் பெரிதும் மதிக்கிறோம்.'
மதிப்புக்கு எத்தனை வீதம் கழிவு என்று
திரும்ப எழுதினேன்.
அதற்குப் பதில் இல்லை.

மனுசிதான் சொன்னாள்,
கொப்பியிலிருந்து தலை நிமிராமல்:
"பின்னை ஏன் கொழும்பிலை வாங்கிறியள்?
உங்கை போய் வாங்குங்கோவன்."

போனோம்.
'ஓராளுக்கு ஆறு மட்டும்.'
எனக்கு ஆறு, அவளுக்கு ஆறு,
வான் ஓடுகிற பாலேந்திராவுக்கு ஆறு.
ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல
மூன்று வரிசையில் நின்றோம்.
பாலேந்திரா மட்டும் பழக்கதோசத்தில்
என்னைப் பார்த்து எழும்பி நின்றவன் போல
நிமிர்ந்து நிமிர்ந்து நின்றான்.

எனக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டி.
இரண்டு றாத்தல் பாண், அதற்குக் கீழே
மறைத்தும் மறையாமலும் ஆறு வெண்முகில்.
சில்லாலை மரியநாயகம்.
எனக்கு நாற்பத்தோராயிரம் தரவேண்டும்.
மூன்று கிழமையாய்ப் போனில்
"தூள் ஓடேல்லை அண்ணை" என்றவர்.

என் ஆறையும் பார்த்தார்.
தன் பாணைச் சரிசெய்தார்.
"பதின்மூண்டு ரூபா குறைவு" என்றார்.
"எனக்கு ஒம்பது" என்றேன்.

பிறகு, பெரிதாய்ச் சத்தம் போடாமல்:
"உங்கட வான் எங்கட ஒழுங்கையுக்கை வருது.
வீடுவீடாய் நூற்றுப்பத்துக்குக் குடுக்கிறாங்கள்.
என்ரை கடை வாசல்லை நிப்பாட்டித்தான்
கோர்ன் அடிக்கிறாங்கள்."
"பெடியளுக்கு ரார்கெற்..." என்று தொடங்கினேன்.
"எத்தினை வருசப் பழக்கமண்ணை எங்களுக்குள்ளை?"

தங்களுடனான நீண்டகால உறவை
என்று ஒரு வசனம்
தொண்டைவரை வந்துவிட்டது.
குளிருக்குச் செருமுகிறவன் போலச் செருமினேன்.

காசாளர் பிள்ளை கேட்டாள்:
"புள்ளி சேர்க்கிற காட் இருக்கோ ஐயா?"
இல்லை என்று சொல்ல முன்
என் தோளுக்கு மேலால் ஒரு கை நீண்டது.
"இதிலை போடு பிள்ளை."
போட்டாள்.
என் ஆறுக்கும் உரிய புள்ளிகள்
சில்லாலைக்குப் போயின.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நாற்பத்தோராயிரத்தைப் பற்றியும்.

வெளியே
வானுக்குள் பதினெட்டு பக்கெற்றையும் அடுக்குகையில்
போன் அடித்தது.
"அண்ணை, உங்களுக்கு ஒரு சந்தோசமான விசயம்.
ஆஸ்பத்திரி வீதியிலை எங்கட சாமான்
தூள் பறக்குதாம்.
சனம் வரிசையிலை நிண்டு வாங்குதாம்.
உங்கட ஏரியாவிலை இவ்வளவு கேள்வி இருக்கேக்கை,
இந்த மாசம் நாப்பது காணாது,
அறுபதாய்ப் போடட்டோ?"